முதலில் உடைய வேண்டியது

மிக்ஸி ஜாரைத் தூக்கினால் மோட்டாரின் தலையில் கறுப்பாகப் பல் வைத்த வட்டு ஒன்று தெரியும். கப்ளர் என்போம். ரப்பரிலோ நைலானிலோ செய்தது, ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். காய்ந்த மஞ்சளையோ ஊறாத அரிசியையோ போட்டு ஜார் இறுகிக்கொண்டால் முதலில் பல் தெறிப்பது அதுதான். "இவ்வளவு காசு வாங்குறாய்ங்க, இதப் போயி ரப்பர்ல வச்சிருக்காய்ங்களேண்ணே, இரும்புல போட்டா என்ன?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. இரும்பில் போட்டால் கப்ளர் தப்பிக்கும். பிளேடு வளையும், ஜாரின் புஷ் தேயும், அதையெல்லாம் தாண்டினால் கடைசியில் ஆர்மேச்சர் கருகும். ஐம்பது ரூபாயில் முடிய வேண்டிய வேலை ஆயிரத்துக்கு மேலே ஏறிவிடும். அதனால்தான் அந்த இடத்தில் மெலிந்த பொருள் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். சிக்கல் வந்தால் இது போகட்டும், பின்னால் இருப்பவை பிழைக்கட்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு.

அதன் மரையையும் கவனித்துப் பாருங்கள். மோட்டார் சுற்றும் திசையிலேயே திருப்பினால்தான் கப்ளர் கழலும். அரைக்கும்போது சுமை அதை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. இழுக்க இழுக்க மரை தானாக இறுகுகிறது. ஓட்டத்தில் கழன்று பறக்காது, ஆனால் கழற்ற நினைத்தவருக்கு அரை நிமிஷ வேலை. அடியில் ஓவர்லோடு சுவிட்ச். மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் அதுவே துண்டித்துக்கொள்ளும். ஆறவிட்டு அந்தச் சிவப்புப் பட்டனை அமுக்கினால் மறுபடி ஓடும். அடுப்படியில் நிற்கும் யாருக்கும் இது தெரியும், எந்தக் கையேட்டையும் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. கார்பன் பிரஷ் தேய்ந்தால் அதைத் தனியாக மாற்றலாம். ஜார் ஒழுகினால் புஷ்ஷும் வாஷரும் மாற்றலாம்.

இந்த அறிவு சும்மா வரவில்லை. 1960களில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் வீட்டில் இருந்த ஜெர்மன் மிக்ஸி நம்மூர் மசாலா அரைப்பைத் தாங்காமல் கருகிப்போனது. அந்தக் கோளாறிலிருந்து பிறந்ததுதான் சுமீத் மிக்ஸி. இந்தியச் சமையலறையில் எது எப்படிக் கெட்டுப்போகும் என்ற கேள்வியிலிருந்தே அந்த வடிவமைப்பு தொடங்கியது. இன்றைக்கு எந்தக் கம்பெனி மிக்ஸியைத் திறந்தாலும் அந்த யோசனையின் தடம் இருக்கிறது. தொழிலில் எனக்குப் பிடித்த பொருள் எது என்று கேட்டால் தயங்காமல் மிக்ஸி என்பேன்.

எண்பதுகளில், ரேடியோவும் கறுப்பு வெள்ளை டிவியும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பெரியவர் ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். செட்டைத் திறந்ததும் கருகிய பொருளைப் பிடுங்கி வேறு ஒன்றைப் பற்றவைக்க அவர் விடமாட்டார். "போனது எதுன்னு எவனும் சொல்லிருவான். அது யாருக்காகப் போச்சுன்னு பாரு" என்பார். நான் கற்ற தொழில் முழுக்க இந்தப் பேச்சுக்குள் அடங்கியது. பழைய டிவி போர்டில் ஃபியூசிபிள் ரெசிஸ்டர் என்று ஒன்று இருக்கும். உயரமான காலில் போர்டைத் தொடாமல் நிற்கும், சூடானால் போர்டு கருகக் கூடாது என்பதற்காக. அது அறுந்திருந்தால் அதை மாற்றுவதற்கு முன்னால் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டரில் மீட்டரை வைக்க வேண்டும். அங்கே ஷார்ட் இருக்கும். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனதும் பவர் சப்ளையும் மெயின் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து போகாமல் இந்தச் சின்னப் பொருள் குறுக்கே நின்று தடுத்திருக்கும்.

சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே டிவி தயாரான காலம் அது. பல செட்டுகளோடு சர்க்யூட் வரைபடம் ஒரு தாளில் மடித்து வரும். எந்த முனையில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பதுவரை அதில் அச்சாகியிருக்கும். செய்தவர் எங்கேயோ இருக்கிறார், நான் இங்கே இருக்கிறேன், அவர் நினைத்ததை நான் படித்துக்கொள்கிறேன். 2006க்குப் பிறகு அரசு கொடுத்த 14 இஞ்ச் இலவச கலர் டிவிகளும் 2011க்குப் பிறகு வந்த இலவச மிக்ஸி, கிரைண்டர், ஃபேன்களும் எங்கள் பட்டறைகளுக்கு வந்தபோதும் நிலைமை பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. பிரித்தால் புரியும். ஸ்பேர் தெருவிலேயே கிடைக்கும். இல்லையென்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து மறுநாள் பார்சலில் வந்துவிடும்.

எங்கள் மேஜையில் இன்றும் ஒரு குண்டு பல்பு தொங்குகிறது. சீரீஸ் பல்பு. பழுது பார்த்த போர்டை நேராக மெயினில் சொருக மாட்டோம். இந்தப் பல்பு வழியாகத்தான் கரண்ட் போகும். உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், போர்டு தப்பிக்கும். ஷார்ட் இல்லையென்றால் ஒரு மினுக்கு மினுக்கி அடங்கிவிடும். மெக்கானிக் பட்டறையின் இந்த ஏற்பாடும் மிக்ஸி கப்ளரும் ஃபியூஸ் கம்பியும் ஒரே குடும்பம். விலை குறைந்தது, கை எட்டுகிற இடத்தில் இருப்பது, எளிதில் மாற்றக்கூடியது முதலில் போக வேண்டும். விலை கூடியது கடைசியில் போக வேண்டும். ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று நான் பார்ப்பது இதை வைத்துத்தான். எல்லாப் பொருளும் ஒரு நாள் பழுதாகும். எந்த வரிசையில் பழுதாகிறது என்பதில்தான் செய்தவரின் அக்கறை தெரியும்.

இந்த வரிசை பல பொருள்களில் இப்போது தலைகீழாகக் கிடக்கிறது.

எல்இடி டிவியை எடுத்துக்கொள்ளுங்கள். "சவுண்டு வருது, படம் வரல" என்று வருகிற செட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே சோதனைதான். இருட்டில் திரையை ஒட்டி டார்ச் அடித்துப் பார்ப்போம். வெளிச்சம் படுகிற இடத்தில் படம் மங்கலாக ஓடிக்கொண்டிருக்கும். பேனல் உயிரோடு இருக்கிறது, போர்டு உயிரோடு இருக்கிறது, பின்னால் இருக்கும் விளக்கு மட்டும் அணைந்திருக்கிறது. அந்த விளக்கு என்பது அலுமினியப் பட்டையில் வரிசையாகப் பதித்த எல்இடி மணிகள். எல்லாம் சீரீஸ் இணைப்பு. ஒரு மணி அறுந்தால் மொத்த வரிசையும் இருட்டு. மணி ஒன்றின் விலை சில ரூபாய், பட்டைகள் எல்லாம் சேர்த்துச் சில நூறு.

ஆனால் அந்தப் பட்டையைத் தொட வேண்டுமென்றால் டிவியை முன்பக்கமிருந்து பிரிக்க வேண்டும். ஓரச் சட்டம், பிறகு பேனல் கண்ணாடி, பிறகு வெளிச்சத்தைப் பரப்பும் தாள்கள், அதற்கும் பின்னால் பட்டை. பேனல் கண்ணாடியின் ஓரத்தில் காகிதம் போல் மெல்லிய நாடாக்கள் ஒட்டியிருக்கும். தூக்கும்போது ஒன்று மடிந்தாலும் திரையில் நிரந்தரமாகக் கோடு விழும். கண்ணாடி விரிசல் விட்டால் கதை முடிந்தது. புதுப் பேனலின் விலை புது டிவியின் விலைக்குப் பக்கத்தில் இருக்கும். அதாவது, டிவியிலேயே முதலில் போகக்கூடிய பொருளை, டிவியிலேயே விலை உயர்ந்த, எளிதில் உடையக்கூடிய பொருளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். பட்டைகள் பதித்திருப்பது முதுகுத் தகட்டின் உள்பக்கம். அந்தத் தகட்டில் நான்கு ஸ்குரூ போட்ட ஒரு வாசல் இருந்தால் பட்டையைப் பின்னாலிருந்தே உருவி மாற்றலாம். எனக்குத் தெரிந்து யாரும் வைப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கடையில் பளிச்சென்று தெரிவதற்காகப் பல செட்டுகளில் விளக்குக்குப் போகும் கரண்டை உச்சத்தில் வைத்து அனுப்புகிறார்கள். மணிகள் சூட்டிலேயே வேகின்றன. பட்டை மாற்றிய பிறகு நாங்கள் கரண்டைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டரை மாற்றிக் கொஞ்சம் குறைத்துவிடுவோம். வீட்டு ஹாலில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆயுள் நீளும். புதிதாக டிவி வாங்கியவர்களுக்கு நான் சொல்வது: செட்டிங்கில் பேக்லைட் என்று இருப்பதைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே இறக்கி வையுங்கள். இதைக் கம்பெனியே செய்து அனுப்பலாம்.

டிவிக்குப் பழுதே இல்லாமல் வருகிற அழைப்புகளும் உண்டு. பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் வயசானவர்கள் மட்டும். "தம்பி, டிவில என்னமோ இங்கிலீஷ்ல எழுத்து வருது, நியூஸ் வர மாட்டேங்குது" என்று போன். போய்ப் பார்த்தால் ரிமோட்டில் ஏதோ கைபட்டு டிவி வேறு இன்புட்டுக்குப் போயிருக்கும். செட்டாப் பாக்ஸ் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். டிவி மட்டும் கம்பி இல்லாத துளையைப் பார்த்தபடி சிக்னல் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும். சிக்னல் வருகிற துளைக்குத் தானே திரும்பிக்கொள்ள அந்த டிவியால் முடியும்; அதற்கான மூளை உள்ளே இருக்கிறது. ஆனால் அந்த மூளை முகப்புத் திரையில் படங்களை வரிசை கட்டி விற்பதில் ஈடுபட்டிருக்கிறது. ரிமோட் தொலைந்தால் இன்னும் சங்கடம். முன்னால் வரிசையாக இருந்த பட்டன்கள் போய், திரைக்கு அடியிலோ முதுகிலோ ஒற்றைப் பட்டன் ஒளிந்திருக்கிறது. சுவரில் மாட்டிய டிவியில் அதைத் தடவிக் கண்டுபிடிப்பது எனக்கே சிரமம். எழுபது வயதில் ஸ்டூல் போட்டு ஏறி யாரும் தேட முடியாது. இந்த அழைப்புகளுக்கு நான் காசு வாங்குவதில்லை. எதற்கென்று வாங்குவது?

வாஷிங் மெஷினில் நடப்பதுதான் எனக்கு மிகவும் கோபம் தருவது. முன்பக்கம் கதவு வைத்த மெஷினில் டிரம் பேரிங்கில் சுற்றுகிறது. தண்ணீரைத் தடுக்கும் சீல் தேய்ந்து பேரிங்குக்குள் நீர் இறங்கினால், பிழியும்போது லாரி போகிற மாதிரிச் சத்தம் வரும். போர்வெல் தண்ணீர் ஊர்களில் சீக்கிரமே வரும். பேரிங் ஒன்றும் அபூர்வப் பொருள் கிடையாது. 6205, 6206 என்று நம்பர் சொன்னால் எந்தப் பேரிங் கடையிலும் எடுத்துத் தருவார்கள், தண்ணீர் மோட்டாருக்குப் போடுகிற அதே பேரிங். சீலோடு சேர்த்துச் சில நூறு ரூபாயில் முடியும். முன்பெல்லாம் டிரம்மைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் டப் இரண்டு பாதியாக வரும், நடுவில் ரப்பர் வளையம், சுற்றிலும் போல்ட். கழற்றி, பேரிங்கைத் தட்டி மாற்றி, மூடிவிடலாம்.

இப்போது பல மாடல்களில் அந்த இரண்டு பாதியையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். திறக்க வழியே இல்லை. பேரிங் போனால் டப், டிரம் எல்லாம் சேர்ந்த முழு அசெம்பிளியும் மாற்ற வேண்டும். அந்த விலையைக் கேட்டதும் பாதிப் பேர் மெஷினையே தூக்கிப் போடத் தயாராகிவிடுவார்கள். நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? ஹாக்ஸா பிளேடை வைத்து ஒட்டிய கோட்டிலேயே டப்பைச் சுற்றி அறுக்கிறோம். அறுப்பதற்கு முன்னால் விளிம்பில் வரிசையாகத் துளை போட்டுக்கொள்ள வேண்டும், பிறகு போட்டால் இரண்டு பாதியும் நேராகச் சேராது. பேரிங், சீல் மாற்றி, விளிம்பில் சிலிகான் பூசி, துருப்பிடிக்காத நட்டு போல்ட் போட்டு இறுக்குகிறோம். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டால் மெஷின் பல வருஷம் ஓடும். தொழிற்சாலையில் வைத்திருக்க வேண்டிய போல்ட்டை நாங்கள் வைக்கிறோம். உருக்கி ஒட்டுவது அசெம்பிளி லைனில் வேகமான வேலை, செலவும் குறைவு, எனக்குப் புரிகிறது. அந்த மிச்சம் அவர்கள் கணக்கில் ஏறுகிறது. அறுக்கிற கூலி ஒரு குடும்பத்தின் கணக்கில் ஏறுகிறது.

இதனால்தான் செமி ஆட்டோமேட்டிக் மெஷினை நான் இன்றும் ஆதரிக்கிறேன். சாவி கொடுத்த மாதிரி ஓடும் டைமர், ஒரு பெல்ட், பிழியும் பக்கத்தில் ஒரு பிரேக் கம்பி. மூடியைத் திறந்தால் நின்றுவிடும். எது போனாலும் காதால் கேட்டே சொல்லலாம். வேலை கூடுதல்தான், துணியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்ற வேண்டும். ஆனால் பத்து வருஷம் கழித்தும் அது வீட்டில் இருக்கும்.

இண்டக்‌ஷன் அடுப்பைப் பற்றிச் சொல்லும்போது நியாயமாகப் பேச வேண்டும். அதன் உள்ளே ஐஜிபிடி என்றொரு பவர் டிரான்சிஸ்டர் வேலை செய்கிறது. ஏதாவது தவறினால் அது சாக மைக்ரோ செகண்டுகள் போதும். ஃபியூஸ் கம்பி உருக அதைவிடப் பல மடங்கு நேரம் வேண்டும். ஆகவே ஃபியூஸ் அதைக் காப்பாற்றாது. இது இயற்பியல், யாரையும் குறை சொல்ல முடியாது. ஃபியூஸ் அங்கே நிற்பது தீப்பிடிக்காமல் இருக்க. காற்றுத் துளை வழியாகச் சூட்டுக்கு ஆசைப்பட்டுக் கரப்பான் நுழைவதும் யார் குற்றமும் இல்லை, துளையில் ஒரு சல்லடைத் துணி வைக்கலாம் என்பதைத் தவிர. ஆனால் போர்டின் வாசலில், கரண்ட் நுழைகிற இடத்தில், எம்ஓவி என்று அச்சடித்து இரண்டு துளை விட்டிருப்பார்கள். மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் அதை வாங்கிக்கொண்டு தான் சாவதற்கென்றே உள்ள பொருள். பத்து ரூபாய்கூட ஆகாது. விலை குறைந்த பல போர்டுகளில் அந்த இடம் காலியாகக் கிடக்கும். டிசைன் போட்டவர் யோசித்திருக்கிறார், இடமும் ஒதுக்கியிருக்கிறார். பிறகு யாரோ கணக்குப் பார்த்து எடுத்துவிட்டார். கரண்ட் போய் வருகிற நம் ஊர்களில் அந்தக் காலியிடம் எத்தனை போர்டுகளைக் கொன்றிருக்கிறது என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் பட்டறைக்கு வரும் போர்டில் அது இல்லையென்றால், கேட்காமலே போட்டு அனுப்புவேன்.

அடுப்பின் முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழுவழுவென்று கண்ணாடி, அதன் மேல் அச்சடித்த வட்டங்கள். தொட்டால் வேலை செய்யும். சமையல்காரர் விரலில் மாவும் தண்ணீரும் எண்ணெயும் இருக்கும் என்பது இதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லையா? பால் பொங்கி வட்டங்களின் மேல் ஓடினால் அடுப்பு அதையும் விரலாகவே எண்ணிக் கூவும், நின்றுபோகும், அல்லது குறைக்க வேண்டிய நேரத்தில் நம் விரலை அறியாது. கண்ணாடியில் எந்த இடம் எது என்று தடவி அறிய முடியாது. பார்வை குறைந்த அம்மா ஒருவர் கொண்டுவந்த அடுப்பில் மூன்று ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. ஆன் செய்ய ஒன்று, கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று. விரல் அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். "அதப் பிச்சுறாதப்பா, அது இல்லாட்டி எனக்கு அடுப்பே இல்ல" என்றார். ஒரு குமிழ் வைத்திருந்தால் அந்தப் பொட்டுக்கு வேலை இல்லை. எவ்வளவு திருப்பினோம் என்று மணிக்கட்டுக்கே தெரியும், கண் வேண்டாம். குமிழ் தேய்ந்தாலும் அந்தச் சுவிட்சைத் தனியாக மாற்றலாம். தொடு போர்டு போனால் போர்டையே தேட வேண்டும், மாடல் மாறியிருந்தால் அதுவும் கிடைக்காது. சில கம்பெனிகள் குமிழ் வைத்த இண்டக்‌ஷன் அடுப்பு செய்கின்றன. வாங்கப் போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன்.

கைபேசி வேலையை இப்போது என் பட்டறையில் இளைஞர் ஒருவர் பார்க்கிறார். மைக்ராஸ்கோப் வைத்து அவர் செய்கிற நுணுக்கம் என் தலைமுறைக்கு வராது. அங்கேயும் நான் பார்ப்பது அதே கேள்வியைத்தான். போனில் கட்டாயம் தேயக்கூடியவை இரண்டு: பேட்டரியும் சார்ஜர் சொருகும் வாயும். பல ஆண்ட்ராய்டு போன்களில் அந்த வாயைச் சின்னத் துணைப் போர்டில் தனியாக வைத்திருக்கிறார்கள். சொருகிச் சொருகித் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம், மெயின் போர்டைத் தொட வேண்டாம். நல்ல வேலை, பாராட்ட வேண்டும். பேட்டரியைத்தான் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். பின் கண்ணாடியைச் சூடு காட்டி நெம்பி, பசையை அறுத்து, வளையாமல் எடுக்க வேண்டும். லித்தியம் பேட்டரி வளைந்தால் புகையும். இந்த ஆபத்தில் கைவைக்கிறவருக்குக் கம்பெனியின் உதவி எதுவும் கிடையாது. 2021ல் வந்த ஐபோன் 13ல், வெளியே டிஸ்ப்ளே மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதி நின்றுபோகும்படி இருந்தது. உலகம் முழுக்கப் பழுது பார்ப்பவர்கள் எதிர்த்த பிறகே ஆப்பிள் அதைத் தளர்த்தியது.

பேட்டரியைக் கையால் கழற்ற முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 2007ல் நோக்கியா தன் பிஎல்-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று அறிவித்தது. அவை நோக்கியாவுக்காக வேறொரு கம்பெனி செய்தவை. ஜனங்கள் பதறினார்கள், வாஸ்தவம். ஆனால் முதுகு மூடியை விரலால் தள்ளி, பேட்டரியை எடுத்து, நம்பரைப் பார்த்தாலே தன்னுடையது அந்த வரிசையில் உண்டா இல்லையா என்று தெரிந்துவிட்டது. பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். போன் அப்படியே இருந்தது. 2016ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோது பேட்டரியை வெளியே எடுக்க வழி இல்லை. சுமார் 25 லட்சம் போன்களை முழுசாகத் திரும்பக் கேட்டார்கள். மாற்றிக் கொடுத்தவையும் எரிந்தன. கடைசியில் அந்த மாடலையே நிறுத்தினார்கள். முன்னதில் கெட்டது பேட்டரி. பின்னதில் கெட்டதும் பேட்டரிதான், அழிந்ததோ மொத்தப் போனும்.

தண்ணீர் புகாமல் இருக்கப் பசை வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். அதே சாம்சங் 2014ல் விட்ட கேலக்ஸி எஸ்5ல் முதுகு மூடியை நகத்தால் நெம்பிப் பேட்டரியை எடுக்கலாம். தண்ணீர் தாங்கும் ஐபி67 தரமும் அதற்கு இருந்தது. மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் அதைச் செய்தது. முடியாது என்பதற்கு இடமில்லை, செய்து காட்டியிருக்கிறார்கள். மில்லிமீட்டர் கணக்கில் போன் மெலிவதற்கு அந்த ரப்பர் வளையத்தை விட்டுக்கொடுத்தார்கள். மெலிந்த போனை வாங்கியவர்கள் எல்லாரும் அடுத்த கடையில் தடித்த கவர் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

புதியது எல்லாமே மோசம் என்று சொல்பவன் நான் இல்லை. பிஎல்டிசி ஃபேன் வந்தது பெரிய நன்மை. பழைய ஃபேன் 75 வாட் இழுத்த இடத்தில் இது 28 வாட்டில் ஓடுகிறது, வோல்டேஜ் குறைந்தாலும் வேகம் குறைவதில்லை. ஆனால் பழைய ஃபேனில் மெதுவாகச் சுற்றினால் இரண்டரை மைக்ரோ ஃபேரட் கண்டென்சரை மாற்றிவிட்டு வந்துவிடுவோம். இதில் தலைக்குள் ஒரு போர்டு. ஈரத்துக்கும் பல்லிக்கும் பயந்து அதைப் பிசினில் முக்கி வைக்கிறார்கள். பாதுகாப்புக்கு அது சரியான வழி. பிசினுக்குள் போன போர்டை யாரும் பழுது பார்க்க முடியாது, ஆகவே அந்தப் போர்டு பத்து வருஷத்துக்கு நியாய விலையில் கிடைக்க வேண்டும். அதுதான் கிடைப்பதில்லை. ரிமோட்டும் அப்படித்தான். இந்த இரண்டையும் உறுதி செய்துவிட்டால் அந்த ஃபேனை எதிர்த்து எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை.

சட்டம் மெதுவாக நகர்கிறது. பிரான்ஸில் 2021 முதல் சில பொருள்களின் மேல், பழுது பார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண் போட்டு விற்க வேண்டும். ஆவணம் கிடைக்கிறதா, பிரிக்க முடிகிறதா, ஸ்பேர் கிடைக்கிறதா, அதன் விலை என்ன என்பதெல்லாம் அதில் சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல் பல கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று விதி. நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. மதிப்பெண் முறைக்காக 2024ல் அமைத்த குழு 2025ல் அறிக்கை கொடுத்திருக்கிறது. முதலில் ஸ்மார்ட்போனுக்கும் டேப்லெட்டுக்கும் என்று பேச்சு.

போனில் தொடங்குவது சரி. ஆனால் ஒரு குடும்பத்தை நிஜமாக உலுக்குவது வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் டிவியும். மதிப்பெண் போடுகிறவர்கள் மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியின் மேல் மூன்று விவரம் அச்சாக வேண்டும் என்று அவர் கேட்பார்: இந்தப் பொருளில் முதலில் தேயப்போவது எது, அதன் விலை எவ்வளவு, அதை எடுக்க எதையெல்லாம் கழற்ற வேண்டும். மிக்ஸிப் பெட்டியில் எந்தக் கம்பெனியும் இதைக் கூசாமல் அச்சடிக்கலாம். உருக்கி ஒட்டிய டப் வைத்த வாஷிங் மெஷின் பெட்டியில் அச்சடிக்கச் சொன்னால், அடுத்த வருஷ மாடலில் அங்கே போல்ட் வந்துவிடும்.